பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

டாம்பா,
மார்ச் 20

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய கணக்கை இரண்டு தடவை படித்தேன். ஜூன் 15 முதல் ஒர்லாண்டோவில் ஐந்து நாள். கிஸ்ஸிம்மியில் வாடகை வீடு. அப்பா, அம்மா, நீ, மீனா, ஏழு வயது அர்ஜுன், இரண்டு வயதுக் குட்டி. டிஸ்னி பார்க்குக்கு உள்ளே சாப்பிட்டால் இவ்வளவு, வெளியே சாப்பிட்டால் அதில் பாதி என்று அருகருகே எழுதி, கடைசியில் "எல்லா வேளையும் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாமா சித்தி?" என்று கேட்டிருக்கிறாய்.

கூடாது, கார்த்தி. எல்லா வேளையும் உள்ளேயும் வேண்டாம். உன் கணக்கில் தட்டின் விலை இருக்கிறது, நேரம் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு நீ போட்டிருப்பது முழுக்கச் சரி. மதியத்துக்குப் போட்டிருப்பது தவறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். 2011 ஜூலையில் என் மாமனாரும் மாமியாரும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் நித்யாவுக்கு அப்போது ஐந்து வயது. மேஜிக் கிங்டம் போனோம். மாமாவுக்குச் சர்க்கரை; காலையில் மாத்திரை போட்டால் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாக வேண்டும். உள்ளே பர்கர் விலையைப் பார்த்தேன். அதோடு, வயதானவர்கள், சைவம், சோறு இல்லாமல் எப்படி என்று எனக்குள் ஒரு எண்ணம். ஆரஞ்சு ப்ளாஸம் டிரெயில் சாலையில் நம் ஊர்ச் சாப்பாடு பஃபேயாகக் கிடைக்கும், போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

மேஜிக் கிங்டத்தின் வாசலில் கார் நிறுத்த முடியாது. டிஸ்னியின் மற்ற மூன்று பார்க்குகளிலும் வாசலுக்கு எதிரே கார் நிறுத்துமிடம் உண்டு. இங்கே மட்டும் கார் ஏரிக்கு அக்கரையில் நிற்கும். உள்ளேயிருந்து வாசலுக்கு நடந்து, குழந்தை தூங்குகிறது, பாட்டிக்குக் கால் வலிக்கிறது என்று நின்று நின்று வந்து, மோனோரயிலுக்கோ ஃபெர்ரிக்கோ வரிசையில் நின்று, ஏரியைத் தாண்டி, அங்கிருந்து காரைத் தேடிப் பிடித்து, அதன் பிறகுதான் சாலை. நாங்கள் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். காரில் உட்காரும்போது ஒன்றேகால். போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஃப்ளோரிடாவில் கோடைக்காலத்தில் பெரும்பாலான பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது 2.40. பஃபே 2.30-க்கு முடிந்துவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்தைப் பலகையில் எழுதித்தான் வைத்திருந்தார்.

காருக்குத் திரும்பியபோது மாமா பேசவில்லை. ஏசி ஓடுகிறது, அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஆரஞ்சு ஜூஸும் வாங்கிக் கொடுத்தோம். பொட்டலத்தின் ஓரத்தைக் கிழிக்க அவர் விரல்கள் இரண்டு மூன்று தடவை முயன்றன, முடியவில்லை. நித்யாதான் வாங்கிப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அன்று பார்க்குக்குத் திரும்பவில்லை. ராத்திரி அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எனக்காகவா வெளியே வந்தீங்க? ஒரு தயிர்சாதம் கையில இருந்தா அந்த மரத்தடியிலேயே உக்காந்திருப்பேனே?"

வயதானவர்களுக்கு நம் ஊர்ச் சாப்பாடு வேண்டும், சூடாக வேண்டும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடு, உட்கார ஒரு இடம். என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான். உன் அப்பாவுக்கும் சர்க்கரை. அதனால் ஒவ்வொரு நாளும் முதலில் பன்னிரண்டரை மணியை எழுதிக்கொள். அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் அமைய வேண்டும்.

நீ கணக்குப் பிரியன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். குட்டிக்கு மூன்று வயது ஆகவில்லை, டிக்கெட் கிடையாது. மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு உத்தேசமாக 150 டாலர் என்று வை: ஒரு நாளைக்கு 750. பார்க் பன்னிரண்டு மணி நேரம் திறந்திருந்தால் மணிக்கு 62.50. மதியம் வெளியே போய் வர மூன்று மணி நேரம் என்றால் 187 டாலருக்கு மேல் அங்கேயே போய்விட்டது, வெளியே சாப்பிட்டதற்கான பில் தனி. இப்போது உள்ளேயே ஏசி அறையில் நாற்காலி போட்டு, பரிமாறிச் சாப்பிடும் கடையைப் பார். உங்கள் குடும்பத்துக்கு 150 டாலருக்குச் சாப்பிட்டால் வரி ஆறரை சதவீதம்; ஆறு பேர் என்றால் டிப்ஸ் 18 சதவீதம் பில்லிலேயே சேர்ந்து வரும். எல்லாம் சேர்த்து 187. இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் அப்பா ஒரு மணி நேரம் குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பார், இன்னொன்றில் மூன்று மணி நேரம் வெயிலில் வரிசையில் நிற்பார்.

அதற்காகத் தினமும் அப்படி உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்லவில்லை. பணம் அப்படிக் கரைந்துவிடும். கையில் கட்டிக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடித்த வழி. பலருக்கு இது தெரிவதே இல்லை: டிஸ்னி பார்க்குகளுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடாக்க வேண்டியதும் காட்டமான வாசனை உள்ளதும் கூடாது. கூலர் பையில் ஐஸ் பேக் வைக்கலாம், ஐஸ்கட்டியாகக் கொட்டி வைக்கக் கூடாது. வாசலில் பையைச் சோதித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

என்ன கட்டுவது? ஜூன் வெயிலுக்குத் தேங்காய்ச் சட்னி பக்கமே போகாதே, பத்து மணிக்கே ஊசிப்போகும். உருளைக்கிழங்குப் பொரியலும் அப்படித்தான், பிசுபிசுத்துவிடும். நல்லெண்ணெயில் தோய்த்த பொடி இட்லி, புளியோதரை, இரண்டும் மதியம் வரை அப்படியே இருக்கும். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாக ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு, ஐஸ் பேக்கோடு ஒட்டி வை. பன்னிரண்டரைக்கு எடுத்தால் புளிக்காமல் பதமாக இருக்கும். மோர்மிளகாயைத் தனியாக ஒரு பொட்டலத்தில் கட்டு, இல்லாவிட்டால் நமத்துப்போகும். பூண்டு ஊறுகாயை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடு. அது வாசனைக் கணக்கில் வரும். தண்ணீர் வாங்காதே. குளிர்பானம் விற்கிற எந்தக் கவுன்டரிலும் ஐஸ் தண்ணீர் கேட்டால் கப்பில் இலவசமாகத் தருவார்கள். ஆறு பேருக்கு ஐந்து நாள் பாட்டில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று நீயே போட்டுப் பார்.

குட்டிக்குப் பருப்புச் சாதம் சூடாக வேண்டுமென்று மீனா கவலைப்படுவாள். நான்கு பார்க்கிலும் 'பேபி கேர் சென்டர்' என்று ஒன்று உண்டு. மைக்ரோவேவ் இருக்கும், பால் கொடுக்கத் தனி இடம் இருக்கும், அமைதியாக இருக்கும். வரைபடத்தில் அதை முதலிலேயே குறித்துக்கொள்ளச் சொல்.

கட்டிக்கொண்டு போகாத நாளில் கவுன்டர் சாப்பாடு. அதைக் காலையிலேயே போனில் ஆர்டர் செய். டிஸ்னி செயலியில் எந்த அரைமணிக்குள் வருவாய் என்று நேரம் கேட்கும். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரையான நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். பத்தரைக்கு ஏதாவது வரிசையில் நிற்கும்போதே பன்னிரண்டேகாலைப் பிடித்துவிடு. கடைக்குப் பக்கத்தில் வந்ததும் "வந்துவிட்டேன், தயார் செய்யுங்கள்" என்ற பொத்தானை அழுத்தினால்தான் சமைக்க ஆரம்பிப்பார்கள். அதுவரை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். நீ ஆர்டரைப் பார்த்துக்கொள், மீனா அதற்குள் எல்லோரையும் மேசைக்குக் கூட்டிப்போகட்டும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா இடம் தேடக்கூடாது.

சைவம் பற்றி ஒரு வார்த்தை. மெனுவில் பச்சை இலை அடையாளம் இருந்தால் அதில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் கிடையாது என்று அர்த்தம். 2019-லிருந்து இது எல்லா இடத்திலும் இருக்கிறது. அம்மாவுக்கு முட்டை ஆகாது, பால் ஆகும். அதனால் இலை இல்லாததிலும் சிலது ஒத்துவரும், ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சூப்பையும் மெக்ஸிகன் சோற்றையும் பார்த்தால் சைவமாகத் தெரியும், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படாதே. பரிமாறும் கடைகளில் கேட்டால் சமையல்காரரே மேசைக்கு வந்து பேசுவதும் உண்டு. நான் பலமுறை பேசியிருக்கிறேன், ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

மேஜிக் கிங்டத்தில் ஒருவேளை வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்று தோன்றினால் காருக்குப் போகாதே. வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கன்டெம்பரரி ஹோட்டல். மோனோரயில் அந்தக் கட்டடத்தின் நடுவயிற்றைக் குடைந்துகொண்டு போகும்; அர்ஜுன் அதைப் பார்த்தாலே போதும். பாலினீசியனும் கிராண்ட் ஃப்ளோரிடியனும் மோனோரயிலில் அடுத்தடுத்த நிறுத்தங்கள். அங்கெல்லாம் பார்க் கூட்டம் இருக்காது. வெளியே போன மாதிரியும் ஆகும், ஏரியைக் காரில் சுற்றின மாதிரியும் ஆகாது. நான் அந்த 2011-இல் இதைத்தான் செய்திருக்க வேண்டும்.

எப்காட் நாளன்று, ஜூன் 16, மதியத்துக்கு எதுவும் கட்டாதே. ஏரியைச் சுற்றி மெக்ஸிகோ, நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ் என்று பதினோரு நாடுகள் வரிசையாக இருக்கின்றன. சுற்றி வர இரண்டு கிலோமீட்டர். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று பகிர்ந்து தின்பதே அந்த இடத்தின் சுகம். ஆனால் அப்பாவின் பன்னிரண்டரை மட்டும் அன்றும் மாறாது. முதலில் அவர் ஒழுங்காகச் சாப்பிடட்டும், சுற்றுவது பிறகு.

பணம் செலவழிக்க வேண்டிய ஒரு சாப்பாடு என்றால் அது ஜூன் 17-இல். அன்று அனிமல் கிங்டம். அந்தப் பார்க் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மூடும், சாயங்காலம் கையில் இருக்கும். காரில் சில நிமிடத் தூரத்தில் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஹோட்டல் இருக்கிறது. அதன் கிடானி வில்லேஜ் பகுதியில் 'சனா' என்று ஒரு உணவகம். ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்தது. ரொட்டித் தட்டு ஒன்று கேள். சாதா நான், இஞ்சி பூண்டு போட்ட நான், வெங்காயக் குல்ச்சா, பனீர் பராத்தா என்று ஐந்து வகை வரும். தொட்டுக்கொள்ள வரிசையாக ஒன்பது கிண்ணம்: வெள்ளரிக்காய் ரைத்தா, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, மாங்காய்ச் சட்னி, பூண்டு ஊறுகாய், இன்னும். நானில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்.

நான் உன் அம்மாவை அங்கே கற்பனை செய்து பார்த்துவிட்டேன். மூன்று நாளாகத் தெரியாத சாப்பாட்டை நமக்காகச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருப்பாள். அந்தக் கொத்தமல்லிச் சட்னியை விரலில் தொட்டு நாக்கில் வைப்பாள், கொஞ்சம் உப்புக் கம்மி என்பாள். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. ஒட்டகச்சிவிங்கி நடந்து வரும், வரிக்குதிரை நிற்கும். இருட்டிவிட்டால் தெரியாது. அதனால் ஐந்து, ஐந்தரை மணிக்கு வைத்துக்கொள். அந்த மேசையில் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

இதை அழுத்திச் சொல்கிறேன். அக்காவும் அத்தானும் எல்லா விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார்கள். "ஒரு பர்கர் ஆயிரத்துச் சொச்சமா!" என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், "பசிக்கல" என்ற பதில்தான் அப்புறம் வரும். அந்த "பசிக்கல"வை நம்பாதே. மெனுவை நீயே போனில் பார்த்து, "அப்பா, இது ரெண்டும் உங்களுக்குச் சரியா வரும், எது வேணும்?" என்று கேள். பில் வந்தால் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வா.

மீனாவின் தோழி டைனிங் பிளான் வாங்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான், வாடகை வீட்டுக்காரர்களுக்குக் கிடையாது. கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்பேன். இடையில் நின்றுபோன அந்தத் திட்டம் 2024 ஜனவரியில் திரும்ப வந்தபோது, பெரியவர் ஒருவருக்கு ஒரு இரவுக்குக் கவுன்டர் சாப்பாட்டுத் திட்டம் 57 டாலர், பரிமாறும் சாப்பாடும் சேர்ந்தது 94 டாலர். விலை அதிகமான இறைச்சியும் மதுவும் வாங்குகிறவர்களுக்குத்தான் அந்தப் பணம் திரும்பி வரும். சைவம் சாப்பிட்டு மோர் குடிக்கிற குடும்பத்துக்கு வராது.

மிக்கி, மின்னி வேஷக்காரர்கள் மேசைக்கு வரும் சாப்பாடு ஒன்று அர்ஜுன் கேட்பான். இரவுக்குப் பெரியவர்களுக்கு 60 டாலருக்கு மேல். பத்து வயதானால் பெரியவர் விலைதான்; அவனுக்கு ஏழு என்பதால் குழந்தை விலையிலேயே முடியும், குட்டிக்கு ஒன்றுமில்லை. நானாக இருந்தால் நீயும் அவனும் மட்டும் ஒரு காலை வேளை போய் வாருங்கள் என்பேன். அது அவனுடைய விருந்து. எல்லோரும் போக வேண்டியதில்லை.

இனி இரவு. ஏழு மணிக்கு மேல் யாருக்கும் அவசரமில்லை, வண்டி எப்படியும் வீட்டுப் பக்கம்தான் வர வேண்டும். அதனால் இரவுச் சாப்பாடு வெளியே, அல்லது வீட்டில். கிஸ்ஸிம்மியில் 192-ஆம் நெடுஞ்சாலை நெடுக மலிவான கடைகள் இருக்கின்றன. சாண்ட் லேக் ரோடு பக்கம் நல்ல இந்திய உணவகங்கள் உண்டு. வாடகை வீட்டில் சமையலறை இருக்கிறதே, அதுதான் உங்களுக்குப் பெரிய பலம். முதல் நாள் பப்ளிக்ஸிலோ வால்மார்ட்டிலோ அரிசி, பால், தயிர், பழம், ரொட்டி வாங்கிப் போட்டுவிடுங்கள். காலைச் சாப்பாடு தினமும் வீட்டில்தான். அதற்குப் பார்க்கில் பணம் கொடுப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. ஆனால் மீனாவும் அம்மாவும் ஐந்து நாளும் அடுப்பில் நிற்கக்கூடாது. ஒரு இரவாவது நீ ரசம் வை. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

19-ஆம் தேதி யூனிவர்ஸல் போகிறீர்கள். அங்கே நான் இதுவரை சொன்னது தலைகீழ். வீட்டுச் சாப்பாடு விஷயத்தில் அவர்கள் கொஞ்சம் கண்டிப்பு, சின்னத் தின்பண்டம் வரை சரி. ஆனால் பழைய இரண்டு பார்க்குகளின் வாசலிலும் சிட்டிவாக் என்ற கடைத்தெரு இருக்கிறது; டிக்கெட் இல்லாதவர்களும் வரலாம். நடந்தே வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். 2025-இல் திறந்த எபிக் யூனிவர்ஸ் மட்டும் அங்கிருந்து சில மைல் தள்ளி இருக்கிறது, அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

சனாவுக்கு இடம் பிடிப்பது உன் வேலை. அறுபது நாளுக்கு முன்பு திறப்பார்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் தங்கள் நாட்கள் அத்தனைக்கும் ஒரே நாளில் பதிவு செய்துகொள்வார்கள், நமக்கு ஒவ்வொரு நாளாகத்தான். ஜூன் 17-க்கு ஏப்ரல் 18. காலை ஆறு மணிக்கு முன்பே செயலியைத் திறந்து உட்கார். கிடைக்காவிட்டால் மனம் தளராதே. வர முடியாதவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை ரத்து செய்யலாம், அதைத் தாண்டினால் ஆளுக்குப் பத்து டாலர் போய்விடும். அதனால் முதல் நாளும் அன்று காலையும் இடங்கள் விடுபட்டுக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டே இரு.

ஜூன் 14 சாயங்காலம் நானும் சித்தப்பாவும் கிஸ்ஸிம்மிக்கு வருகிறோம். ஐ-4 சாலையில் ஒன்றரை மணி நேரம், பெரிய தூரமில்லை. மறுநாள் மேஜிக் கிங்டத்துக்குப் புளியோதரையும் பொடி இட்லியும் நான் கட்டிக்கொண்டு வருவேன். கூலர் பை எங்கள் வீட்டில் இருக்கிறது, நீ வாங்காதே. ஐஸ் பேக் நான்கு மட்டும் வாங்கி, போன அன்றே உங்கள் ஃப்ரீஸரில் வைத்துவிடு. அப்பாவின் மாத்திரை எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி